ஒரே நாளில் மூன்று ஊர் வேண்டாம்

ஐரோப்பாவில் பிள்ளைகள் இருக்கும் நம் வயதுக்காரர்கள் பலர் இப்போதெல்லாம் கோடையில் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று போய்த் தங்கிவிட்டு வருகிறார்கள். பிள்ளைகளுக்கு வேலை நாளில் லீவு கிடைப்பது கஷ்டம். அதனால் அப்பா அம்மாவை ஏதாவது ஒரு நாள் டூரில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். இத்தாலியில் மிலான் நகரத்தில் பிள்ளை இருந்தால் அந்த டூர் பெரும்பாலும் கோமோ ஏரி டூராகத்தான் இருக்கும். காலையில் பஸ்ஸில் ஏற்றி, கோமோ, பெல்லாஜியோ, வரென்னா என்ற மூன்று ஏரிக்கரை ஊர்களையும் காட்டி, சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். நாங்களும் போய்வந்தோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோமோ ஏரிக்கு அவசியம் போங்கள். கைடோடு போவதும் நல்லதுதான். ஆனால் ஒரே நாளில் மூன்று ஊர் என்ற டூர் மட்டும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு வேண்டாம். ஒரு நாளைக்கு ஓர் ஊர், மிஞ்சினால் இரண்டு. பணத்தை மிச்சம் பிடிக்க இதைச் சொல்லவில்லை. பார்க்கப் போன இடத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

முதலில் ஏரியைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் ஊரில் ஏரி என்றால் கரை கட்டி மழைநீரைத் தேக்கி வைத்தது. இது அப்படியல்ல. ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கிய பனிப்பாறைகள் பல்லாயிரம் ஆண்டுகளாக அரித்துத் தோண்டிய பள்ளம். பரப்பு சுமார் 146 சதுர கிலோமீட்டர். ஆழம் சில இடங்களில் 400 மீட்டருக்கும் மேல். உண்டிவில்லைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி ஓர் உருவம். இரண்டு காலில் ஒரு காலின் நுனியில் கோமோ, மற்றொரு காலின் நுனியில் லெக்கோ. இரண்டு காலும் பிரியும் முனையில் பெல்லாஜியோ. அதற்கு எதிரே கிழக்குக் கரையில் வரென்னா. மூன்று பக்கமும் தண்ணீர், அதற்குப் பின்னால் மலை. பெல்லாஜியோ முனையில் நின்று பார்த்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாது.

இனி டூர் கணக்கு. நாங்கள் போனது பத்து மணி நேர டூர். எனக்குக் கணக்கு எழுதும் பழக்கம் உண்டு. அன்றைக்குச் செலவான நேரத்தையும் குறித்து வைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது 2 மணி 45 நிமிடம். கூடுவது, தலை எண்ணுவது, வரிசையில் நிற்பது, வராதவருக்காகக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து 1 மணி 45 நிமிடம். படகில் 1 மணி 15 நிமிடம். கைடு பேசிக்கொண்டே கூட்டிப் போனது 1 மணி 15 நிமிடம். மிச்சம் இருந்தது மூன்று மணி நேரம். அதுதான் ‘ஃப்ரீ டைம்’. கோமோவில் 50 நிமிடம், பெல்லாஜியோவில் 1 மணி 20 நிமிடம், வரென்னாவில் 50 நிமிடம். மதியச் சாப்பாடும் கழிவறை வரிசையும் இதற்குள்தான் அடக்கம்.

இதற்கு நம் ஊரில் ஓர் உதாரணம் சொல்லலாம். கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் பார்த்துவிட்டு வருகிறோம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒன்பதையும் முடிக்க வேண்டும் என்பதே அங்கே வேண்டுதல். ஒன்று விட்டுப்போனால் மனசு கேட்காது. ஏரிக்கு அப்படி எந்த வேண்டுதலும் கிடையாது. மூன்றையும் பார்த்தேன் என்று யாரிடமும் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை. வாட்ஸப் குழுவில் மூன்று ஊர் பெயர் போட்டுப் படம் அனுப்பலாம், அவ்வளவுதான்.

கைடுகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எங்களோடு வந்த பெண்மணி மூன்று மொழியில் மாற்றி மாற்றிப் பேசினார். ஒருவரையும் தொலைக்காமல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெயிலில் அவர் நடந்த நடையை நான் நடந்திருக்க மாட்டேன். குறை நிகழ்ச்சி நிரலில். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவரால் எதைச் சொல்ல முடியும்? சட்டென்று எல்லோருக்கும் புரிகிற ஒன்றைத்தான். எனவே லாலியோ என்ற கரையோர ஊர்ப் பக்கம் படகு போனபோது ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் க்ளூனியின் வீடு அங்கே இருக்கிறது என்று சொன்னார். படகே ஒரு பக்கம் சாய்கிற மாதிரி எல்லோரும் எழுந்து போட்டோ எடுத்தார்கள்.

அவர் சொல்ல நேரமில்லாமல் போனவை சில உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு க்ளூனி வீட்டைவிட அவை நெருக்கமானவை என்பதால் எழுதுகிறேன்.

நம் வீட்டுச் சுவரில் இருக்கும் 230 வோல்ட் மின்சாரத்தில் அந்த ‘வோல்ட்’ என்பது கோமோ ஊர்க்காரர் ஒருவரின் பெயர். அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா 1745இல் கோமோவில் பிறந்தார். 1827இல் அங்கேயே காலமானார். உலகின் முதல் மின்கலத்தைச் செய்து காட்டியவர். அவர் மறைந்த நூற்றாண்டை ஒட்டி ஏரிக்கரையிலேயே கோயில் மாதிரி ஒரு கட்டடம் எழுப்பி அவருடைய கருவிகளை வைத்திருக்கிறார்கள். 1899இல் கோமோவில் நடந்த ஒரு கண்காட்சியில் தீப்பிடித்து அவருடைய கருவிகளில் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. தப்பியவற்றையும், திரும்பச் செய்து வைத்தவற்றையும்தான் இப்போது பார்க்கலாம். யூரோ வருவதற்கு முன்பு இத்தாலியின் 10,000 லீரா நோட்டில் ஒரு பக்கம் வோல்டா, மறுபக்கம் இந்தக் கட்டடம். எங்கள் குழு அதைத் தாண்டித்தான் படகுத்துறைக்கு நடந்தது. உள்ளே போக நேரமில்லை.

அடுத்தது பட்டு. கோமோ பட்டுக்குப் பேர்போன ஊர். உலகத்தின் பெரிய பெரிய ஃபேஷன் நிறுவனங்களுக்கு டை, ஸ்கார்ஃப், துணி எல்லாம் இங்கிருந்து போகிறது. ஆனால் நூல் இப்போது பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் சுற்று வட்டாரத்தில் முசுக்கொட்டைச் செடி வளர்த்துப் பட்டுப்புழு வளர்த்தவர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள். சாயம், அச்சு, வடிவமைப்பு ஆகியவற்றில் இருக்கும் கைத்திறன்தான் ஊரின் பெயரைக் காப்பாற்றுகிறது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கேயும் பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. பெயர் மட்டும் நெய்கிறவர் ஊருக்கு. கோமோவில் பட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நூல் திரிப்பதிலிருந்து அச்சுப் போடுவது வரை அந்தக் கால இயந்திரங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். தறியைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் அங்கே இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. ஐம்பது நிமிடத்தில் எங்கே போவது?

பெல்லாஜியோவில் ஊருக்கு மேலே குன்றின் மீது செர்பெல்லோனி மாளிகை தெரியும். விஸ்கி தொழிலில் சம்பாதித்த அமெரிக்கக் குடும்பத்து வாரிசான ஓர் அம்மையார் 1959இல் அதை ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். ஐ.ஆர்.8 நெல் நினைவிருக்கிறதா? குண்டு அரிசி, சோறு ருசியில்லை என்று வீட்டில் திட்டிக்கொண்டே சாப்பிட்டோமே, அதுதான். அதை உருவாக்கிய பிலிப்பைன்ஸ் ஆய்வு நிலையத்தைத் தொடங்கியவர்களில் இந்த அறக்கட்டளையும் ஒன்று. அப்படிப்பட்ட ஆய்வு நிலையங்களைத் தொடர்ந்து நடத்தப் பணத்துக்கு என்ன வழி என்று உலக அளவில் உதவி நிறுவனங்களின் தலைவர்கள் 1969இல் பெல்லாஜியோவில் கூடிப் பேசினார்கள். அதன் தொடர்ச்சியாக 1971இல் சர்வதேச வேளாண் ஆய்வுக்கான கூட்டமைப்பு உருவானது. நாம் ரேஷன் வரிசையில் நின்ற காலத்துக்கும் அந்த ஏரிக்கரைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது.

வரென்னாவில் மொனாஸ்தெரோ மாளிகை. பெயரே சொல்வது போல முன்பு கன்னியர் மடமாக இருந்த இடம். அங்கே ஒவ்வொரு கோடையிலும் இயற்பியல் பள்ளி நடக்கிறது. அணு விஞ்ஞானி என்ரிகோ ஃபெர்மி 1954 கோடையில் அங்கே வந்து பாடம் எடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் காலமானார். பள்ளிக்கு இப்போது அவர் பெயர்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவரோடு பணியாற்றியவர். 1953இல் இருவரும் சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகளும் எழுதியிருக்கிறார்கள். அந்த மாளிகைத் தோட்டம் ஏரியை ஒட்டியே நீளமாகப் போகிறது. நாங்கள் வாசல் கேட்டை மட்டும் பார்த்தோம்.

சரி, இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று சொல்லலாம். அடுத்து வருவதைப் படித்துச் சரிசெய்ய முடியாது. அதுதான் முழங்கால்.

பெல்லாஜியோ படகுத்துறையிலிருந்து ஊருக்குள் போக வேண்டுமானால் படி ஏற வேண்டும். உருண்டைக் கல் பதித்த, அகலமான, சாய்வான படிகள். இரண்டு பக்கமும் கடைகள். படத்தில் பார்க்க மிக அழகு. எங்கள் குழுவில் மனைவிக்கு மூட்டுவலி உள்ள ஒரு வயதான தம்பதி வந்திருந்தார்கள். அந்த அம்மா முதல் நாலைந்து படியிலேயே நின்றுவிட்டார். “நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்” என்றார். கணவருக்குப் போகவும் மனமில்லை, இருக்கவும் மனமில்லை. குழுவோ மேலே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவர் போய், நான்கு படம் எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஓடிவந்தார். அந்த அம்மா 1 மணி 20 நிமிடமும் டிக்கெட் கவுண்டர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இத்தனை தூரம் வந்து அவர் பார்த்தது படகில் ஏறுகிற இறங்குகிற கூட்டத்தை.

இதில் கொடுமை என்னவென்றால், அதே பெல்லாஜியோவில் ஏரியை ஒட்டிச் சமதளப் பாதை ஒன்று இருக்கிறது. கால் மணி நேரம் மெல்ல நடந்தால் மெல்சி மாளிகைத் தோட்டம். 1810 வாக்கில் உருவானது. அசேலியா, ரோடோடெண்ட்ரான் பூச்செடிகள், தண்ணீரை ஒட்டியே மர வரிசை, உட்கார இடம். நுழைவுக் கட்டணம் உண்டு. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். மற்ற மாதங்களில் மூட்டுவலிக்காரர் ஒருவர் அரை நாள் நிம்மதியாக உட்கார்ந்திருக்க அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை. பஸ்ஸில் வரும்போதே “படி ஏற முடியாதவர்கள் இந்தப் பக்கம் போங்கள்” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்ல வேண்டும் என்று அந்த நிகழ்ச்சி நிரலை எழுதியவருக்குத் தோன்றவில்லை. நாற்பது பேரும் ஒரே வேகத்தில் நடப்பார்கள் என்று வைத்துக்கொண்டால்தான் மூன்று ஊர் கணக்கு சரியாக வரும்.

வழிகாட்டி என்ற சொல்லுக்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் இதுதான். குழுவிலேயே மெதுவாக நடப்பவருக்கும் ஒரு வழியைக் காட்ட வேண்டும். முன்னால் குடை பிடித்துப் போவது அதற்கு அப்புறம்.

அந்த ஊர்க்காரர்கள் பக்கமும் யோசிக்க வேண்டும். பெல்லாஜியோவில் நிரந்தரமாக வசிப்பவர்கள் நாலாயிரம் பேர்கூட இல்லை. நமக்குச் சுற்றுலாப் படகு, அவர்களுக்கு அது டவுன் பஸ். அக்கரை ரயிலைப் பிடிக்கவும் வேலைக்குப் போகவும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஒரு மணி நேரம் வந்து, ஐஸ்கிரீம் வாங்கி, கழிவறை தேடி, போட்டோ எடுத்துவிட்டு ஓடும் கூட்டத்தால் ஊருக்கு லாபம் குறைவு, நெரிசல்தான் அதிகம். வெனிஸ் நகரம் 2024இல் பகல்நேரப் பயணிகளிடம் குறிப்பிட்ட நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது இந்தத் தொல்லையால்தான். ஒரே ஊரில் நாள் முழுக்க இருப்பவர் அங்கே காபி குடிப்பார், சாப்பிடுவார், டிக்கெட் வாங்கி அருங்காட்சியகம் பார்ப்பார். ஊருக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

தனியாகப் போகத் தைரியம் உள்ளவர்களுக்கு ரயில் இருக்கிறது. வரென்னா, பெல்லாஜியோ இரண்டையும் ஒரு நாளில் நிதானமாகப் பார்க்கலாம். மிலான் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து திரானோ போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், வரென்னா வந்துவிடும். போகும்போது இடது பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள். லெக்கோவைத் தாண்டினதும் ஏரி கூடவே வரும். ஸ்டேஷனிலிருந்து படகுத்துறை இறக்கம், பத்து நிமிட நடை. பெல்லாஜியோவுக்குப் படகில் கால் மணி நேரம். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் பிளாட்ஃபாரத்தில் இருக்கும் சிறிய மிஷினில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். திரும்பும் படகு நேரத்தை இறங்கினவுடனேயே பலகையில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கோமோவுக்குத் தனியாக இன்னொரு நாள். மிலானில் கதோர்னா ஸ்டேஷனிலிருந்து ஒரு மணி நேரம். ஏரியை ஒட்டியே கடைசி ஸ்டேஷன். கொஞ்சம் நடந்தால் 1396இல் கட்டத் தொடங்கிய பெரிய தேவாலயம். அதன் முகப்பில் வாசலுக்கு இரு பக்கமும் பிளினி மாமன், பிளினி மருமகன் சிலைகள். இருவரும் அந்த ஊரில் பிறந்த ரோமானிய எழுத்தாளர்கள், கிறிஸ்தவர்களே அல்ல. ஊர்ப்பெருமை என்று வந்துவிட்டால் மதம் குறுக்கே நிற்கவில்லை. மலை ஏற முடியாதே என்ற கவலையும் வேண்டாம். பழநியில் விஞ்ச் என்கிறோமே, அதே மாதிரி ஒன்று 1894இலிருந்து ஓடுகிறது. ஏழே நிமிடத்தில் சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கும் புருனாத்தே கிராமத்தில் இறக்கிவிடும். கீழே ஏரி முழுக்க விரிந்து கிடக்கும்.

மொழி தெரியாது, தனியாகப் போக பயம் என்பவர்கள் கைடோடுதான் போக வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் பிள்ளைகளை ஐந்து கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஊரிலும் சாப்பாடு நீங்கலாக எவ்வளவு நேரம்? எத்தனை படி, எவ்வளவு ஏற்றம்? ஏற முடியாதவருக்கு என்ன ஏற்பாடு? படகு டிக்கெட் சேர்த்தியா? கழிவறை எங்கெங்கே, எத்தனை மணிக்கு ஒருமுறை நிற்பார்கள்? இவற்றுக்குச் சரியான பதில் வராவிட்டால் அந்த டூர் நம் வயதுக்கு இல்லை. பதில் வந்தால் தாராளமாகப் போகலாம். கையில் சில்லறை நாணயம் இருக்கட்டும். அங்கே கழிவறைக்குப் பல இடங்களில் காசு கேட்பார்கள். காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. நம் வயதில் உட்கார்ந்தே குடிக்கலாம். அந்தப் பணம் நாற்காலிக்கு வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மூன்று ஊர் என்று போட்டிருந்தால் காசுக்கு மதிப்பு அதிகம் என்று நினைத்துத்தான் புக் செய்கிறீர்கள். உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் அப்பாவும் அம்மாவும் ஒரே வேகத்தில் நடப்பவர்கள் இல்லை. ஒருவர் மேலே போக, ஒருவர் கீழே காத்திருக்க வேண்டிய டூரை வாங்கித் தராதீர்கள். ஓர் ஊர் போதும். ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு பெஞ்சும், திரும்பி வர அவசரமில்லாத ஒரு ரயிலும், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார ஒரு மணி நேரமும் இருந்தால், அந்த நாளைப் பற்றி அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள்.